மௌலி சொன்ன தேதி

அந்தக் குழாய் உங்க கால்ல இடிக்குதுங்களாண்ணா? சித்தெ இருங்க, இக்கட்ட சாச்சு வெச்சுக்கறேன். பிளெக்ஸ் பேனருங்க, ஆறடி. சுருட்டி இந்த பிளாஸ்டிக் குழாய்க்குள்ள போட்டுக் குடுத்தாங்க. மேல வெச்சா உருண்டு யாரு தலைலயாவது விழுகும். கீழ வெச்சா காபிக்காரரு மிதிச்சுட்டுப் போயிருவாரு. அதுக்கோசரம் கோயமுத்தூர்ல இருந்து மடிலயே வெச்சுக்கிட்டு வர்றேன், கைக்கொழந்தையாட்ட.

நான் மெட்ராஸ் வரைக்குமுங்க. நீங்க? காட்பாடியா. அப்பச் சேரி, பேசீட்டே போலாம்.

இல்லீங்க, போன்ல வெளையாடலீங்க. எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. நான் கேம் வெளையாடற ஆளில்லீங்கண்ணா, கேம் நியூஸ் சொல்ற ஆளு. யூடியூப்ல சேனல் வெச்சிருக்கறேன். 'அடுத்து வருவது'ன்னு பேரு. எந்தக் கேம் எப்ப வருது, எந்தக் கம்பெனிக்காரன் என்ன பண்ணீட்டு இருக்கறான், எது தள்ளிப் போகுது, ஏன் தள்ளிப் போகுது, எல்லாம் தமிழ்ல சொல்லுவேன். எம்பேரு மௌலீஸ்வரன். மௌலின்னு கூப்புடுவாங்க. சொந்த ஊரு தாராபுரம் பக்கம், கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருசம். பரீட்சை முடிஞ்சுது, ரிசல்ட்டு இன்னும் வரலீங்க.

ஆயிரத்துச் சொச்சம் பேரு பாக்கறாங்க. அதுல எங்க ஒறம்பரையே முப்பது பேரு இருக்கும். எங்க மாமா ஒருத்தரு, கோழிப்பண்ணை வெச்சிருக்கறாரு, ஒரு வீடியோ விடமாட்டாரு. கேம்னா என்னன்னே அவருக்குத் தெரியாதுங்க. போன பொங்கலுக்கு, குதிரைல போற ஒருத்தன் கேமப் பத்திக் கேக்கறாரு, 'ஏண்டா, நீயும் சொல்லீட்டே இருக்கற, அந்தக் குதிரைக்காரன் வந்துட்டானா இல்லையா'ன்னு. இல்லீங் மாமா, அவன் அடுத்த வருசம்னேன். 'பாவம், எங்க மாட்டிக்கிட்டானோ'ன்னாரு.

வெளையாடறதுக்கு என்ற லேப்டாப்பு ஒத்து வராதுங்க. அது எங்கக்கா ஸ்கூல்ல படிக்கறப்ப அரசாங்கத்துல குடுத்தது. கேமப் போட்டா இட்லிச் சட்டியாட்ட சூடாகும், ஒரு சத்தம் போடும், அப்புறம் கம்முனு ஆயிரும். ஆனா அது நல்லதுக்குத்தானுங்க. ரோசனை பண்ணிப் பாருங்க. ஒரு கேம் வர்றதுக்கு முந்தி இருக்கற சந்தோசம், வந்த பொறவு இருக்குதுங்களா? வந்துட்டா ஒடனே கொறை சொல்ல ஆரம்பிச்சர்றாங்க. மொகம் சரியில்ல, மழை சரியில்ல, குதிரை கல்லுக்குள்ள போகுதுன்னு. வராத கேம்ல ஒரு கொறை சொல்லுங்க பாக்கலாம். கெடையாது.

இந்த நியூஸுங்கறது சும்மா படிச்சுட்டுச் சொல்றதில்லீங்கண்ணா, அது ஒரு கலை. 'விரைவில்'னு போட்டான்னா ரெண்டு வருசமுன்னு அர்த்தம். 'உங்களோட பகிர்ந்துக்க ஆவலா இருக்கறோம்'னா அவனுகளே இன்னும் ஆரம்பிக்கலைன்னு அர்த்தம். ஒரு ஜப்பான் கம்பெனிக்காரன் ஒருக்கா வெறும் கறுப்புப் படம் ஒண்ணு போட்டான், வேற எதுவும் இல்ல. எல்லாரும் விட்டுட்டாங்க. நான் பெருசாக்கிப் பாத்தேன். மூலைல மஞ்சளா ஒரு புள்ளி. ஜன்னல் வெளிச்சம். ஜன்னல்னா வீடு, வீடுன்னா ஊரு, ஊருன்னா அது அவங்க பழைய கேமோட ரெண்டாம் பாகந்தான். பன்னெண்டு நிமிசத்துக்கு வீடியோ போட்டேன். கடைசில பாத்தா அவங்க ஆபீசுக்கு ஒரு வாரம் லீவாமுங்க, லைட்ட அணைச்சுட்டுப் போறோம்னு போட்டிருக்கறாங்க. ஆனா ஜன்னலுன்னு சொன்னேன் பாத்தீங்களா, அது சரியாப் போச்சு.

தேதி சொல்றதும் அப்பிடித்தான். நான் சொன்ன தேதி எதுவுமே நடக்கலைன்னு காலேஜ்ல ஒரு பேச்சு. 'தேதி மௌலி'ன்னே பேரு வெச்சுட்டானுங்க. நான் சொன்னதுல தப்பில்லீங்கண்ணா. நான் சரியாத்தான் சொன்னேன், கம்பெனிக்காரன் மாத்தீட்டான். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

இந்தக் கண்ணாடி வேற எறங்கீட்டே இருக்குதுங்க. மூக்கு சப்பைன்னு கடைக்காரரு சொல்றாரு. பொறங்கைல தள்ளித் தள்ளி இங்க காய்ப்பே காய்ச்சுப் போச்சு.

ஒரு நிமிசமுங்க, போன் வருது.

ஆ, சொல்லு சௌபா. ம். ம். வந்துட்டே இருக்கறேன். சேலம் தாண்டியாச்சு. ஆமா, சல்லுனு போகுது. பேனர் பத்தரமா இருக்குது. மத்தியானத்துக்குள்ள ஸ்டால்ல இருப்பேன். எதுக்கு சிரிக்கற? சேரி, வெச்சுரு.

இது ஈரோடுதானுங்க? இனித்தான் ஈரோடா. பரவால்ல விடுங்க, வந்தர்லாம். சேலமுன்னு சொன்னா அவளுக்கு ஒரு தைரியமா இருக்கும். பாவம், அங்க ஸ்டால் போட்டுட்டு இருக்கற புள்ள.

அவதானுங்க சௌபர்ணிகா. என்ற கிளாஸ். உடுமலைப் பக்கத்துக்காரி. மெட்ராஸ்ல இன்னிக்கும் நாளைக்கும் கேம் செய்யறவங்களுக்கு ஒரு கண்காட்சி. அதுல அவளுக்கு ஒரு மேசை ஒதுக்கியிருக்கறாங்க. அவங்கம்மாவோட நேத்தே போயிட்டா. பேனர் அச்சடிச்சு வர லேட்டாயிருச்சு, அதான் நான் கொண்டு போறேன். 'வந்து நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், மேசைக்குப் பக்கத்துல நின்னு சும்மா பேசீட்டே இரு'ன்னு சொன்னா. ஊடகத்துறைக்கு ஒரு ஆள் வேணுமில்லீங்களா.

இப்பத்தான் இந்த மரியாதையெல்லாமுங்க. ஒரு காலத்துல இவ என்கூடப் பேசவே மாட்டா. அதச் சொல்றேன் கேளுங்க. அநியாயமா நியாயமான்னு நீங்களே சொல்லுங்க.

போன டிசம்பர்ல ஒரு நாளு. லேப்ல எல்லாரும் புராஜெக்ட் பண்ணீட்டு இருக்கறோம். எங்க கிளாஸ்ல புராஜெக்ட்டுன்னா நூலகத்துக்கு ஒரு சாப்ட்வேர், இல்லைன்னா வருகைப் பதிவுக்கு ஒண்ணு. நானும் நூலகந்தான். இவ ஜன்னலோரம் கடைசி மெஷின்ல உக்காந்திருப்பா. பேசறதே அளந்துதான் பேசுவா. நான் பென்டிரைவ் கேக்கப் போறேன், இவ ஸ்கிரீன்ல என்னமோ ஓடுது. காத்தாடி மில்லு நாலஞ்சு சுத்துது. பொட்டல் காடு. ஒரு பஸ் ஸ்டாப்பு, சுண்ணாம்பு உரிஞ்சு, செவுத்துல டியூசன் சென்டர் விளம்பரம். அதுல பை மாட்டீட்டு ஒரு சின்னப் புள்ள நிக்குது. காத்துக்கு அதுக்கு ரிப்பன் ஆடுதுங்கண்ணா. ரிப்பன் ஆடுது.

எந்தக் கம்பெனி இது, நம்ம பார்வைக்கு வராம எப்பிடின்னேன்.

சட்டுனு மூடீட்டா. அப்புறம் மெதுவா, 'என்னோடது. மொத வருசத்துல இருந்து பண்ணீட்டிருக்கறேன். யாருகிட்டயும் சொல்லாத'ன்னா.

சொல்ல மாட்டேன்னேன். நான் சொல்லவும் இல்லீங்க. வீடியோதான் போட்டேன்.

நீங்களும் அப்பிடிப் பாக்கறீங்க. ஏனுங்கண்ணா, ஒரு நியூஸ்காரன் கண்ணுக்கு முன்னால அப்பிடி ஒண்ணு ஓடுனா என்ன பண்ணுவான்? ஜப்பான்காரன் லைட்ட அணைச்சதுக்குப் பன்னெண்டு நிமிசம் பேசுனவன், நம்ம உடுமலைக்காத்துல ரிப்பன் ஆடுதுன்னா பேசாம இருப்பனா? 'கொங்கு மண்ணுல ரகசியமா ஒரு கேம்'னு தலைப்பு. அவ பேரச் சொல்லலீங்க. 'எங்க கிளாஸ்ல ஜன்னலோரம் உக்காந்திருக்கற ஒரு மாணவி'ன்னுதான் சொன்னேன். அன்னிக்கு வரைக்கும் என்ற சேனல்ல எந்த வீடியோவும் அவ்வளவு பேரு பாத்ததில்ல. கீழ எல்லாரும் ஒரே கேள்வி, எப்ப வருது, எப்ப வருதுன்னு. தேதி இல்லாத நியூஸு உப்பில்லாத சாப்பாடுங்க. ஏப்ரல் மாசம் ரெண்டாவது வெள்ளிக்கெழமைன்னு போட்டுட்டேன். எதுவா இருந்தாலும் வெள்ளிக்கெழமைதானுங்களே ரிலீஸ் ஆகோணும்.

அடுத்த நாள் கிளாஸுக்கு வந்தா. எல்லாரும் திரும்பிப் பாத்து, 'அம்மணி, ரிலீஸ் எப்ப'ங்கறாங்க. என்ற மேசைக்கு வந்து நின்னா. ஏதோ சொல்லப் போறான்னு நானும் எந்திரிச்சு நின்னேன். ஒண்ணும் சொல்லலீங்க. சித்தெ நேரம் பாத்துட்டு, போயிட்டா. சந்தோசத்துல பேச்சு வரலையாட்டிருக்குதுன்னு நெனச்சேன். ஒரு வாரம் ஆச்சு, பத்து நாள் ஆச்சு, அந்தச் சந்தோசம் தீரவே இல்லீங்க. நான் லேப்புக்குள்ள போனா அவ வெளிய போறா. என்ற ரூம்ல இருக்கற அபினேஷுகிட்டக் கேட்டேன், ஏண்டா இப்பிடின்னு. 'நீ மனுசனாடா'ன்னான். அவன் எப்பவும் அப்பிடித்தான், சம்பந்தமில்லாமப் பேசுவான்.

அவன்தான் அப்புறம் வெசயத்தச் சொன்னான். எங்க துறைத்தலைவரு மேடம் இருக்கறாங்க, கண்டிப்பானவங்க. அவங்க பையன் எட்டாங்கிளாஸ் படிக்கறான், என்ற சேனலப் பாப்பான் போல. அவன் போயி அம்மாகிட்டக் காட்டியிருக்கறான். இவ புராஜெக்ட்டுன்னு எழுதிக் குடுத்தது ஆஸ்பத்திரில டோக்கன் போடற சாப்ட்வேரு. கேமுன்னா ஒத்துக்க மாட்டாங்கன்னு பயந்துட்டு அதக் குடுத்திருக்கறா. மேடம் கூப்பிட்டு, 'ரெண்டு தோணில கால் வெக்காத. எது உன்ற புராஜெக்ட்டு'ன்னாங்களாம். இவ கேமுதான்னு சொல்லீட்டாளாம்.

'அப்பச் சேரி. அந்தச் சேனல்காரன் ஊருக்கே ஒரு தேதி சொல்லியிருக்கறானே, அன்னிக்குத்தான் மார்க்குப் போட வெளிய இருந்து ஆள் வர்றாங்க. அன்னிக்கே காட்டு. ஓடுச்சுன்னா பாஸு. ஓடலைன்னா அடுத்த வருசம் வந்து பண்ணிக்க'ன்னாங்களாம் மேடம்.

பாத்தீங்களா, நான் சொன்ன தேதிய ஒரு காலேஜே எடுத்துக்கிச்சு. அபினேஷு அதச் சொல்றப்ப மெஸ்ஸுல உக்காந்திருக்கறோம். அன்னிக்குச் சப்பாத்தி. எனக்கு எறங்கவே இல்லீங்க. மாவு சரியில்ல. அவன் நாலு தின்னான், எனக்குத்தான் மாவு சரியில்லாம இருந்துச்சு.

மறுநாள் நேரா அவகிட்டப் போனேன். நீ ஒண்ணும் வெசனப்படாத, தேதியத் தள்ளி வெச்சர்லாம், நான் ஒரு வீடியோ போடறேன்னேன். தரத்துக்காகத் தள்ளி வெக்கறோம், ரசிகர்கள் பொறுத்துக்கோணும்னு போட்டாப் போச்சு. எல்லாக் கம்பெனிக்காரனும் அதத்தான் போடறான். யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

'மேடம் வெச்ச தேதியத் தள்ளுவியா?'

அது முடியாதுதானுங்க.

'இன்னும் பாதிக்குமேல பாக்கி இருக்குது மௌலி. வெளையாண்டு பாத்து எங்க சிக்குதுன்னு சொல்றதுக்குக் கூட ஆளில்ல'ன்னா. அழுகல. அழுதிருந்தாக் கூடப் பரவால்ல. நாற்காலிய நகத்திப் போட்டு, 'உக்காரு. வெளையாடு'ன்னா.

அன்னிக்குத்தானுங்கண்ணா நான் மொத மொதல்ல ஒரு கேம் வெளையாண்டேன்.

கதை என்னன்னா, அந்தப் புள்ள பேரு செவந்தி. பக்கத்து டவுன்ல பரீட்சை. பஸ் வரல. நடந்தோ, பால் வண்டில தொத்தியோ, டிராக்டர்ல ஏறியோ எப்பிடியாவது போய்ச் சேரோணும். மொத எடத்துலயே ஒரு வாய்க்கா வரும், தாண்டோணும். நான் விழுந்தேன். மறுக்கா விழுந்தேன். சாயங்காலம் வாட்ச்மேன் வந்து பூட்டற வரைக்கும் விழுந்துட்டே இருந்தேன். இவ பக்கத்துல உக்காந்து என்னையப் பாத்துட்டே இருக்கறா. 'நீ இதுக்கு முந்தி கேமே வெளையாண்டதில்லையா?'

செய்தி சொல்றவன் வெளையாடக் கூடாது, நடுநிலை போயிரும்னேன்.

சிரிச்சுட்டா. அந்த வீடியோவுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சது. சிரிச்சுட்டு, மறுநாள் அந்த வாய்க்காலச் சின்னது பண்ணீட்டு வந்தா. 'உனக்கே புரியுதுன்னா ஒலகத்துல எல்லாருக்கும் புரியும். நாளைக்கும் வா'ன்னா. எத்தன பேரு அந்தக் கிளாஸ்ல, என்னையத்தான் தேர்ந்தெடுத்தா பாருங்க. தகுதின்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா.

டீ வேணுமுங்களா? நான் வாங்கறேன், கம்முனு இருங்க. ரெண்டு குடுங்க. சூடா இருக்குது, பாத்து.

அப்புறம் தெனமும் கிளாஸ் முடிஞ்சு லேப்புதான். நான் வெளையாடுவேன், அவ பாப்பா. நான் எங்க முட்டி நிக்கறனோ அங்க சரி பண்ணுவா. எனக்கு வாய் சும்மா இருக்காதுங்க. வெளையாடறப்பவும் பேசீட்டேதான் இருப்பேன். 'இந்த மேட்ட ஏறுனா ரோடு வந்துரும் பாரு, பால் வண்டி இப்ப வந்துரும் பாரு'ன்னு. ரோடும் வராது வண்டியும் வராது, அது வேற. ஆனா ஒரு நாள் அவ அசந்து போயி, எதையும் சரி பண்ண முடியல, 'முடியாது மௌலி, நான் டோக்கன் சாப்ட்வேரே பண்ணியிருக்கோணும்'னு தலையக் கவுத்துட்டா. 'வந்துரும் சௌபா. ஏப்ரல் ரெண்டாவது வெள்ளி. நான் சொன்னா வந்துரும்'னேன். நிமிந்து ஒரு மாதிரி பாத்தா. இதுவரைக்கும் நீ சொல்லி எது வந்துருக்குதுன்னு கேப்பான்னு நெனச்சேன், கேக்கலீங்க. எந்திரிச்சுப் போயி மொகத்தக் கழுவீட்டு வந்து உக்காந்துக்கிட்டா.

அதுக்குக் கொஞ்ச நாள் கழிச்சுத்தான் கேமுக்குள்ள அந்த ஆள் வந்தான்.

புதுசா ஒருத்தன், திடீர்னு. மொத பஸ் ஸ்டாப்புல நிக்கறான். கட்டம் போட்ட சட்டை, கைல போனு. மூக்குக் கண்ணாடி எறங்கீட்டே இருக்குது, அதப் பொறங்கைல தள்ளித் தள்ளி விடறான். வர்றவங்க போறவங்களுக்கெல்லாம், 'பஸ் இப்ப வந்துருமுங்க, பல்லடம் தாண்டியாச்சு, ரெண்டே நிமிசம்'னு சொல்லீட்டே இருக்கறான். கேட்டா காரணமெல்லாம் சொல்றான். அந்தக் காக்கா வடக்க பாத்து உக்காந்திருக்குது, அதனால பஸ் கெளம்பீருச்சுங்கறான். பஸ்ஸு வரவே வராது. செவந்தி அடுத்த ஸ்டாப்புக்கு நடந்து போனா அங்கயும் இவனே நிக்கறான். எப்பிடி வந்தான்னே தெரியாது. அங்கயும் அதே பேச்சு. செம சிரிப்புங்கண்ணா.

யாரிதுன்னு கேட்டேன். 'எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன்'னா. உடுமலைல யாரோ இருப்பானாட்ட இருக்குது. நான் ஒரு ஆலோசனையும் சொன்னேனுங்க. ஆள் நல்லாத்தான் இருக்கறான், ஆனா ரொம்ப மிகையாத் தெரியுது, நெசத்துல இப்பிடி ஒருத்தன் இருப்பானா, கொஞ்சம் கொறைச்சுக்கன்னேன். அவளுக்குத் தண்ணி கொண்டாந்து குடுக்க வேண்டியதாப் போச்சு, அப்பிடி இருமல்.

அந்த ஆளுக்குக் குரல் வேணும். நாடகம் போடற பசங்க ரெண்டு பேரு பேசிப் பாத்தாங்க, ஒத்து வரல. அபினேஷு பேசுனான், சகிக்கல. கடைசில என்கிட்ட வந்தா. நானும் கனமா, கம்பீரமா ஒரு குரல் எடுத்தேன். 'நடிக்காத. எங்கிட்ட அடுத்து வர்ற கேமப் பத்திப் பேசுவியே, அதே மாதிரி பேசு'ன்னா. அபினேஷோட சித்தப்பா காருக்குள்ள கண்ணாடிய ஏத்தீட்டு, ஏசி போட்டாச் சத்தம் வருமுன்னு அதையும் அணைச்சுட்டு, பங்குனி வெயில்ல ஒரே மூச்சுல பேசி முடிச்சேன். ஒரு எடத்துலயும் திருத்தம் சொல்லலீங்க அவ. எனக்குள்ள இப்பிடியொரு நடிகன் இருக்கறது எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

அந்த வெள்ளிக்கெழமையும் வந்துச்சு. செமினார் ஹால்ல பெரிய திரை. மேடம் முன்வரிசைல. வெளிய இருந்து வந்தவங்க ஒரு அம்மா, நரைச்ச முடி, ஏதோ சாப்ட்வேர் கம்பெனில பெரிய பதவியாமா. எல்லாரும் நூலகத்தக் காட்டிக் காட்டி அவங்களுக்குக் கொட்டாவி. சௌபர்ணிகா முறை வந்துச்சு. கேமுன்னதும் அந்தம்மா நிமிந்து உக்காந்து, 'நானே வெளையாடறேன், குடு'ன்னு வாங்கிக்கிட்டாங்க.

வாய்க்காலத் தாண்டீட்டாங்க. பால் வண்டி, டிராக்டர், எல்லாம் நல்லாப் போகுது. அந்த ஆளு பேசறப்ப ஹாலே சிரிக்குது. பசங்க சிரிச்சுட்டு என்னையத் திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க, குரல் நம்மதுன்னு கண்டுபுடிச்சுட்டாங்க போல. கடைசிக் காட்சி. மழை. இருட்டீட்டு வருது. கடைசி பஸ் ஸ்டாப்புல செவந்தியும் அந்த ஆளும் மட்டும். அவன் ஒண்ணும் பேசாம நிக்கறான். மொதத் தடவையா வாயே தொறக்கல. இனி பஸ் வரோணும். அந்தக் காட்சிய அவ மொத நாள் ராத்திரிதான் சேத்தியிருந்தா.

திரை நின்னு போச்சுங்க.

மழையும் நின்னுருச்சு, நடு வானத்துல துளி துளியா அப்பிடியே நிக்குது. அந்தம்மா பொத்தானத் தட்டறாங்க, ஒண்ணும் அசையல. மேடம் கண்ணாடியக் கழட்டறாங்க. சௌபர்ணிகா மேசையப் புடிச்சுட்டு நிக்கறா. கடைசி வரிசைல இருந்து என்னையறியாம எந்திரிச்சு, 'வந்துருமுங்க மேடம். ரெண்டே நிமிசம். அந்தப் பக்கம் மேடு ஏறீட்டு இருக்குது'ன்னேன்.

அந்தம்மா திரும்பி என்னையப் பாத்தாங்க. நான் கண்ணாடியத் தள்ளி விட்டுக்கிட்டேன். திரையப் பாத்தாங்க. மறுக்கா என்னையப் பாத்தாங்க. சிரிக்க ஆரம்பிச்சவங்கதானுங்கண்ணா, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. மேடமும் சிரிச்சுட்டாங்க, அவங்க சிரிச்சு நாங்க பாத்ததே இல்ல. எல்லாரும் சிரிச்சுட்டு இருக்கறப்பவே திரைல மழை மறுபடி விழுந்துச்சு. தூரத்துல ரெண்டு வெளிச்சம். பஸ் வந்துருச்சு.

நான் சொன்ன தேதில, நான் சொன்ன நேரத்துல. என்ற வாழ்க்கைல மொதத் தடவை. எதுக்கு அந்தம்மா அப்பிடிச் சிரிச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. கேமு அவ்வளவு நல்லா இருந்துச்சுன்னு வெச்சுக்குங்க.

பாஸுதானுங்க. நல்ல மார்க்கு. அப்புறம் இண்டர்நெட்ல வெளியிட்டா. எங்கெங்கேயோ இருந்து வாங்கி வெளையாடறாங்க. கனடால ஒரு தமிழ்க் குடும்பம், அந்த பஸ் ஸ்டாப்பு ஆளோட பேச்ச வீட்டுல எல்லாரும் சொல்லீட்டுத் திரியறோம்னு எழுதியிருந்தாங்க. இந்தப் பேனர்லயும் செவந்தி சின்னதாத்தான் இருப்பா, அந்த ஆள்தான் ஆளுயரத்துக்கு நிப்பான். என்னைய ரயிலேத்த நேத்தே கோயமுத்தூர் வந்த எங்கம்மா, ராத்திரி இத விரிச்சுப் பாத்துட்டு, என்னைய மேல கீழ பாத்துட்டு, சோத்துல கைய வெச்சவங்க சிரிச்சு சிரிச்சு சாப்பிடவே இல்ல. அவங்களுக்கும் ஊர்ல அந்த மாதிரி யாரையாவது தெரியுமாட்ட இருக்குது.

எல்லாம் நல்லபடியாத்தான் முடிஞ்சுது. ஒண்ணே ஒண்ணுதானுங்க மனசுல உறுத்தீட்டு இருக்குது. உங்ககிட்டச் சொன்னா என்ன, காட்பாடில எறங்கிப் போகப் போறீங்க.

கேம் முடிஞ்சதும் பேரு ஓடுமுங்க. உருவாக்கம் சௌபர்ணிகா. இசை அவ தம்பி. குரல்ல எம்பேரு இருக்குது, தப்பு சொல்லல. எல்லாம் போன பொறவு திரை கறுப்பாகும். அதுல தனியா ஒரே ஒரு வரி.

'வரும்னு நம்புனவனுக்கு.'

அவ்வளவுதான். பேரு கெடையாது.

யாருங்கண்ணா அவன்? 'நம்புனவனுக்கு'ன்னு போட்டிருக்கறா, அப்ப ஆம்பள. எல்லாப் பக்கமும் ரோசனை பண்ணிட்டேன். அவங்கப்பாவா இருந்தா 'நம்புனவருக்கு'ன்னு போட்டிருப்பா. பிள்ளையாரா இருந்தாலும் மரியாதையாத்தான் போடுவா. தம்பியா இருந்தா மேலயே பேரு வந்துருச்சு. அபினேஷுகிட்டக் கேட்டேன், நீயாடான்னு. தலகாணிய எடுத்து என்மேல எறிஞ்சான். பெங்களூர்ல அவ மாமன் பையன் ஒருத்தன் வேலைல இருக்கறானாம். அவனா இருக்குமோன்னு ஒரு எண்ணம்.

உனக்கென்ன வந்துச்சு அதுலன்னு கேக்கலாம். ஒண்ணும் இல்லீங்க. நமக்கு அந்த மாதிரியெல்லாம் எதுவும் கெடையாது. ஒரு தகவல் தெரியாம இருக்குதேன்னு ஒரு இதுதான். சாயங்காலமானா அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்து வெச்சுப் பாத்துட்டு இருக்கறேன், அவ்வளவுதான். நீங்க வந்து உக்காந்தப்பவும் அதத்தான் பாத்துட்டு இருந்தேன்.

அவகிட்டக் கேக்கலாமுன்னுதான் ஒவ்வொரு நாளும் போறது. பக்கத்துல போனா வாய் வரமாட்டீங்குது. எனக்குங்க, வாய் வரமாட்டீங்குது. அபினேஷு நம்பவே இல்ல.

இன்னிக்குக் கேட்டர்றதுன்னு இருக்கறேன். கண்காட்சி முடிஞ்சு, கூட்டமெல்லாம் போன பொறவு, யாரு சௌபா அவன்னு நேராக் கேட்டுருவேன். எவனா இருந்தாலும் சேரி. அவ சோர்ந்து உக்காந்தப்ப பக்கத்துல நின்னிருக்கறான், வரும்னு சொல்லியிருக்கறான், நல்லவனாத்தான் இருப்பான். பாத்தா அவன் கையப் புடிச்சு ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லீட்டு வந்தர்லாமுன்னு இருக்கறேன். மனசு சுருங்கிக்கக் கூடாதில்லீங்களா.

ஏனுங்கண்ணா, டீ பொரை ஏறிருச்சுங்களா? இந்தாங்க, தண்ணி குடிங்க. மொள்ளமா, மொள்ளமா. கண்ணெல்லாம் செவந்து போச்சு பாருங்க. அந்தக் கப்ப இக்கட்ட குடுங்க, நான் புடிச்சுக்கறேன்.